தியேட்டரில் விட்டுவிட்டு வந்தவன்

ஐப்பசி 9, ஞாயிறு

இன்று மதியம் அஞ்சுகிராமத்தில் தங்கை செல்வி வீட்டில் விருந்து. அவளுக்குப் புது மருமகள் வந்திருக்கிறாள். டிவியில் ஏதோ பழைய பேய்ப்படம் ஓடியது. உடனே நான் வழக்கமாகச் சொல்லும் கதையைத் தொடங்கிவிட்டேன். சின்ன வயதில் செல்வியை நாகர்கோவிலுக்கு மேட்னி ஷோ கூட்டிப் போனேன், படத்தில் கிணற்றுக்குள்ளிருந்து கை வந்ததும் அவள் அலறிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள், நான் தெருத்தெருவாகத் தேடினேன் என்றேன். மருமகள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். செல்வியும் சிரித்தாள்.

ஓடியவன் நான். எனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு ஏழு. அவளை இருட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டேன். அவள் எங்கோ ஓடிவிட்டாள் என்று அப்பாவிடம் சொன்னேன். தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர்தான் பிறகு அவளைக் கொண்டுவந்து விட்டார். அடியும் அவளுக்குத்தான் விழுந்தது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது செல்வி பின்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, அன்னைக்குப் பேடிச்சு ஓடுனது நீயாக்கும். ஒனக்கு நெசமாவே மறந்து போச்சா?"

"அப்படியா மக்கா? எனக்கு ஓர்மையே இல்லியே" என்றேன்.

"செரி, வயசாச்சுல்லா" என்று துண்டை நீட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. என் சட்டையைப் பிடித்திருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் ஓடினேன்.