ஆறரை மணி வகுப்பு

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

நானும் வாலுவும் சுகம். இதைக் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த பிறகு படி. டியூட்டியில் வார்டுக்குள் போய்ப் படிக்காதே.

குளியலறைக் குழாய் இப்போது ஒழுகவில்லை. நானே வாஷர் மாற்றினேன். பால்கனியில் ரோஜா போய்விட்டது, மற்ற செடிகள் எப்படியோ பிழைத்துக்கொண்டன. என் வேலை பழையபடிதான். லிஃப்ட் நின்றால் உலகமே நின்ற மாதிரி கத்துகிறார்கள். சரிசெய்து கொடுத்தால், ஏன் சத்தம் வருகிறது என்று கேட்கிறார்கள். சமையலில் நான் தேறிவிட்டதாக நானே சொல்லிக்கொள்கிறேன். உன் மகள் ஒன்றும் சொல்வதில்லை. முன்பெல்லாம் உப்பு கொஞ்சம் கூடினால் ஊரைக் கூட்டுவாள். இப்போது தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

போன வாரம் நீ கேட்டாய்: "நான் கூப்பிடுற நேரத்துலயேதான் அவளுக்குக் கராத்தே கிளாஸ் இருக்கணுமா? வேற நேரமே கிடையாதா?" பார்க்கிறேன் என்றேன். அதற்கு ஒழுங்கான பதில் இது.

வேறு நேரம் இருக்கிறது. காலையிலும் வகுப்பு உண்டு. சேர்க்கப் போனபோதே மாஸ்டரிடம் எது நல்லது என்று கேட்டேன். அந்த அம்மா பகலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பிள்ளைகள் வேகமாக ஓடி வந்தால் வகுப்பிலும் "பிரேக், பிரேக்" என்பார். அவர் சொன்னது இதுதான். காலையில் வயிறு லேசாக இருக்கும், சொன்னது மனதில் நிற்கும், ஆனால் உடம்பு விறைப்பாக இருக்கும், நன்றாகச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் கை கால் இளகியிருக்கும், உதை உயரமாக வரும், சுளுக்கு குறைவு. ஆனால் பள்ளிக்கூடத்துக் களைப்பு கூடவே வரும். "ரெண்டையும் பழகிப் பாக்கட்டும் சார், அவ உடம்பே சொல்லும்" என்றார்.

அப்படியே செய்தோம். வாலுவின் உடம்பு காலை என்றுதான் சொன்னது. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் காலையில் கம்பம் மாதிரி நிற்கிறாள், சாயங்காலம் தள்ளாடுகிறாள். மாஸ்டருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உன் மகள் சாயங்காலம் ஆறரை மணி வகுப்புதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். காலையில் தூக்கம் கலைந்து எழுந்திருக்கச் சோம்பல் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கும் வசதிதான். லிஃப்டெல்லாம் காலையில்தானே நின்று தொலைக்கும்.

அதன்பிறகு உன்னிடம் பேசியதெல்லாம் நான் மட்டும்தான், வகுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு. உள்ளே பிள்ளைகள் கத்துவது உனக்கும் கேட்டிருக்கும். அந்தக் கூச்சலில் இவள் குரல் எது என்று ஒரு நாள் கேட்டாய். இதோ, இதுதான் என்று ஏதோ ஒரு குரலைச் சொன்னேன். உண்மையில் அவள் கத்துவதே இல்லை. குத்து விடும்போது அடிவயிற்றிலிருந்து சத்தம் வர வேண்டுமாம். இவள் வாயை மட்டும் திறந்து மூடுவாள். மாஸ்டரும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய், நான் எடுக்கவில்லை. பதறியிருப்பாய். அன்றைக்கு மாஸ்டருக்குக் காய்ச்சல், வகுப்பு பூட்டியிருந்தது. சரி, வீட்டுக்குப் போவோம், இன்றைக்காவது அம்மாவிடம் நிறையப் பேசலாம் என்றேன். அவள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கலாம் என்றாள். பூட்டிய கதவுக்கு முன்னால் தனியாக உதை பழக ஆரம்பித்தாள். அப்போதுதான் உன் அழைப்பு வந்தது. போனை நீட்டினேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

போன் அடித்து ஓய்ந்த பிறகு, அம்மாமேல் கோபமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு சொன்னாள்: "அம்மா பேசுறப்ப நல்லாத்தான்ப்பா இருக்கு. வெச்சப்புறம் வீடு ஒரு மாதிரி ஆயிடுது. அந்த நேரத்துல இங்க இருந்தா ஒண்ணும் தெரியல."

எனக்கும் அப்படித்தான்டி என்று சொல்ல வந்தேன். ஷூ கயிற்றைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

உன்னை நோகடிக்க இதை எழுதவில்லை. நீ வெளிநாட்டு வேலைக்குப் போனது நாம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு. அன்றைக்கு எல்லோரையும்விடச் சத்தமாகச் சரி என்றவள் அவள்தான். விமான நிலையத்திலும் அழவில்லை. பெரிய மனுஷி என்று நீகூடப் பெருமைப்பட்டாய். அதற்குப் பிறகும் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அதை நானும் நல்லது என்றே நினைத்திருந்தேன்.

நேற்று சாயங்காலம் ஜோடி சேர்ந்து பயிற்சி. இவளுக்கு எதிரே அவளைவிட ஒரு தலை உயரமான பெண். உதையைத் தடுக்கக் கை தாமதமாகப் போனது. வயிற்றில் வாங்கிக்கொண்டு விழுந்தாள். நெஞ்சில் பஞ்சு உறை கட்டியிருந்தாலும் வயிற்றுக்கு ஏது உறை? நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். அதற்குள் அவளே எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிப்போய் ஒரு குத்து விட்டாள். அப்போது வந்தது சத்தம். மற்ற பிள்ளைகள் கத்துகிற சத்தம் இல்லை. "அம்மா" என்று கத்தினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்றால் நம்ப மாட்டாய்.

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்படி ஓர் அழுகை. அடிபட்ட அழுகை அல்ல என்று மாஸ்டருக்கும் தெரிந்துவிட்டது. மற்றவர்களைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கடைசியில், "இன்னிக்குத்தான் சத்தம் சரியா வந்துச்சு" என்றார். அந்த உயரமான பெண்ணுக்குத்தான் பாவம், தான் என்ன செய்தோம் என்று தெரியாமல் அவளும் அழுதாள். வயிற்றைப் பார்த்தேன், லேசான சிவப்புதான். நீ நர்ஸ் என்பதற்காகச் சொல்கிறேன், வீக்கம் இல்லை, ராத்திரி நன்றாகச் சாப்பிட்டாள். ரசத்தில் உப்பு இல்லை என்றும் சொன்னாள்.

வண்டியில் வரும்போது என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, "இப்ப அம்மாவுக்கு மணி என்னப்பா?" என்று கேட்டாள். சொன்னேன். வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான், திங்கட்கிழமையிலிருந்து காலை வகுப்புக்குப் போகிறேன் என்றாள். சூப்பர்வைசரிடம் பேசிவிட்டேன். காலையில் முதலில் நிற்கிற லிஃப்டுகளை வேறொருவர் பார்த்துக்கொள்வார்.

அதனால் திங்கட்கிழமை எப்போதும் போல இங்கே சாயங்காலம் ஆறரைக்குக் கூப்பிடு. அவள்தான் எடுப்பாள். எடுத்ததும் சாப்பிட்டாயா, படித்தாயா என்று தொடங்காதே. அவள் அழுதால் பயந்துபோய், அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடாதே. உனக்கு அழுகை வந்தாலும் மறைக்காதே, அவளுக்குத் தெரியட்டும். போனை வைத்த பிறகு இங்கே வீட்டில் நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன். அங்கே உன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஷிஃப்ட்டுக்கு முன்னால் கொஞ்சம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போ.

உடம்பைப் பார்த்துக்கொள். நல்லபடியாக இரு. அவளோடு பேசி முடித்த பிறகு நேரம் மிச்சமிருந்தால், போனை என்னிடமும் கொடுக்கச் சொல்.

இப்படிக்கு,
வாலு அப்பா