ஒரே ஒருமுறை ஓடிய வண்டி

அண்ணா,

இன்று சாயங்காலம் மரக்கடைக்காரர் உன் வண்டியை விலைக்குக் கேட்டு வந்ததால் கொட்டகைத் தட்டியை நகர்த்தினேன். மண்ணெண்ணெயும் கிரீஸும் கலந்த வாடை முகத்தில் வந்து அடித்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆன பிறகும் அது உன் சட்டையின் வாடைதான். வண்டி நீ விட்டபடியே நிற்கிறது. கதவில்லை, கூரையில்லை, முன்விளக்கு ஒன்றுதான்.

மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் கப்பலேறியபோது பங்களாவுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த காரை வாங்கி, மாட்டைக் கட்டி நம்முடைய கொல்லை வரைக்கும் இழுத்து வந்தாய். நெய்யாற்றின்கரையில் பஸ் பட்டறை வேலை முடிந்து வந்ததும் இதற்குள் தலையைக் கொடுத்துவிடுவாய். கரையான் தின்ற தரைப்பலகையைப் பெயர்த்துவிட்டு அயனிப் பலகை அடித்தாய். "எலே, இது வண்டியா, வண்டிக்க பொணமா?" என்று அம்மா சிரித்தாள். "உயிரு வரும், பாத்துக்க" என்றாய்.

பிறகு எல்லைக் கலவரம் வந்தது. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலங்கள். பாறசாலை ரோட்டில் போலீஸ் லாரி போகும்போது சாயாக்கடையில் பேச்சு நின்றுவிடும். முன்பின் தெரியாத ஆளிடம் தமிழில் பேசுவதா மலையாளத்தில் பேசுவதா என்று யோசித்துத்தான் வாய் திறந்தோம்.

மரக்கடைக்காரர் முதலில் வந்தது அப்போதுதான். "வித்துப் போடு தம்பி, காலம் செரியில்ல. வண்டி வச்சிருக்கியவனையெல்லாம் போலீசு நோக்கி வச்சிருக்கினும்" என்றார். பேசும்போது அவர் கண் வண்டியில் இல்லை. வீட்டையும், பின்வாசலையும், வந்து போகிறவர்களையும் பார்த்தது. அம்மாவுக்குப் பயம். விற்றுவிடு என்று அழுதாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்து பதில் சொல்வதாக அவரை அனுப்பி வைத்தாய்.

அந்த ஞாயிறு வருவதற்குள் ஊர்வலத்தின்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்துவிட்டது. தொடையில் குண்டோடு கிடந்த, யாரென்று தெரியாத ஒருவனை நம் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். பஸ் ஓடவில்லை. வாடகைக் கார்க்காரன் கும்பிட்டு விலகிக்கொண்டான். நீ கொட்டகைக்குள் போய், கழற்றிப் போட்டிருந்த என்ஜினைப் பூட்டத் தொடங்கினாய். நான் அவன் காலைத் துணியால் இறுக்கிப் பிடித்திருந்தேன். வெயில் சாயும்போது என்ஜின் ஒருமுறை இருமிவிட்டு ஓடியது. நீ சிரிக்கவில்லை. கொட்டகைக்குள் வைத்தே அவனைக் கிணற்றுக் கயிறால் இருக்கையோடு சேர்த்துக் கட்டி, முகத்தை மூடி, மேலே தென்னையோலையை அடுக்கினோம். வெளியே பார்க்கிறவர்களுக்கு அது வெறும் ஓலைச்சுமை.

திருப்புறத்தில் ஒரு டாக்டர் எதுவும் கேட்காமல் குண்டை எடுத்தார். அவன் பிழைத்தான்; தன் பெயரை நம் இருவரிடம் மட்டும் சொன்னான். வரும் வழியில் என்ஜின் இறுகிவிட்டது. மறுபடியும் மாடுதான் வண்டியை வீடு சேர்த்தது.

"நீங்க கொட்டகைக்குள்ள நிக்கும்ப மரக்கடைக்காரரு வந்தாரு. நீ இல்லேண்ணு சொல்லி விட்டேன்" என்றாள் அம்மா. அதை நாம் பெரிதாக நினைக்கவில்லை.

அந்த வாரமே போலீஸ் வந்தது. எங்கும் தேடவில்லை. நேரே கொட்டகைக்குப் போய் ஓலையைப் புரட்டினார்கள். ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "ஆருலே அது?" நீ வாய் திறக்கவில்லை. உன்னைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது ஸ்பேனரைப் பிடிக்க உன் விரல்கள் மடங்கவில்லை. இருமலில் ரத்தம் வந்தது. "அங்க எதும் சொல்லேல்ல மக்கா" என்று மட்டும் என்னிடம் சொன்னாய். எல்லைக்கோடு போடும்வரை நீ இருக்கவில்லை. நம் ஊர் மலையாளத்துப் பக்கமே நின்றுவிட்டது.

விற்றுவிடலாம் என்றுதான் இன்று நினைத்திருந்தேன், அண்ணா. அம்மாவும் சரி என்றாள். மரக்கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார், இருக்கையைத் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பாவம் உனக்க அண்ணன். கிணத்துக் கயிறப் போட்டுக் கெட்டியாக்கும் குண்டு பட்டவனக் கொண்டுபோனது. ஆராக்கும் மக்களே, அந்த ஆளு?"

கயிறு கட்டியது தட்டிக்கு உள்ளே. அன்று தட்டியின் ஓட்டை வழியே பார்த்திருந்தால்தான் அது தெரியும். முகம் மட்டும் அவருக்குத் தெரியவில்லை. இத்தனை காலமும் அவர் நம் வாசலுக்கு வந்தது வண்டிக்காக இல்லை.

"எனக்கு அறியாது. வண்டி விக்கியதுக்கில்ல" என்றேன்.

"ஆலோசிச்சு சொல்லு. கேசு இன்னும் தீரேல்ல பாத்துக்க. நான் இனியும் வருவேன்" என்று சிரித்தபடி இறங்கினார். வருவார். அம்மா தனியாக இருக்கும் நேரம் பார்த்து வருவார்.

அவனுக்கு இப்போது ஒரு குழந்தை இருக்கிறது. எந்த ஊரில் என்று இங்கே எழுத மாட்டேன். உன்னை அடித்துக் கேட்டும் கிடைக்காத அந்தப் பெயர் இப்போது என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஜெபிக்கும்போதும் அதை உதட்டுக்கு வர விடுவதில்லை, அண்ணா.