விடுமுறையில் எண்ணிய சாலை

ஜூலை 8

இன்று கூட்டத்தில் நான் சொல்லாதது: "சார், இந்தக் கணக்கு தப்பு."

நகரத்தின் அடுத்த இருபது ஆண்டுத் திட்டம் சுவர் முழுக்க விரிந்திருந்தது. அதில் பள்ளிச் சாலை ஆறு வழிச் சாலையாகிறது; தொழிற்பேட்டை லாரிகளுக்காக. நடந்து கடப்பவர்கள் மிகக் குறைவாம், அதனால் சிக்னலும் வேண்டாமாம். ஆட்களை எண்ணிய தேதியைப் பார்த்தேன். பள்ளி விடுமுறை! எங்கள் நகரத் திட்ட அலுவலகத்தில் வேறு யாரும் கவனிக்கவில்லை. நானோ வாயே திறக்கவில்லை.

ஜூலை 9

அக்கா அந்தப் பள்ளியில்தான் டீச்சர். சாப்பிடும்போது சொன்னேன். கையில் தட்டோடு எழுந்துவிட்டாள்.

"ஏன்டி, என் பிள்ளைங்க என்ன பறந்தா வருவாங்க?"

"நான் வேலைக்குப் புதுசுக்கா..."

"வீட்ல என்கிட்ட மட்டும் வாய் காது வரைக்கும் நீளுது!"

ஜூலை 10

நகரங்களைப் பற்றி எத்தனை புத்தகம் படித்தேன். எல்லாவற்றிலும், வரைபடத்தில் கோடு போட்டவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் சும்மா நின்றவர்களை யோசித்ததே இல்லை.

ஜூலை 15

சொல்லிவிட்டேன்! குரல்தான் கீச்சென்று போனது.

எங்கள் தலைமை அதிகாரிக்குத் 'தொலைநோக்கி' என்று பட்டப்பெயர். இன்றைய தேதியைக் கேட்டால்கூட இருபது வருடம் தள்ளித்தான் சொல்வார். வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேயர்கிட்ட பெருமையா சொல்லிட்டேனேம்மா..."

"லாரி போகலைன்னா வேலைவாய்ப்பு எப்படி வளரும்?" என்றார் பொறியாளர்.

"பேட்டைக்குப் போற கால்வாய்ச் சாலை காலியாத்தானே கிடக்கு சார்?"

பொறியாளர் வரைபடத்தில் கால்வாய்ச் சாலையைத் தேடினார். பிறகு தொலைநோக்கி: "நாளைக்குப் பள்ளி வாசலுக்கு நானும் வர்றேன். மறுபடி எண்ணுவோம்."

ஜூலை 16

பள்ளி மணி அடித்ததும் பிள்ளைகள் வெள்ளம்போல் வந்தார்கள். எண்ணும் கருவியை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் மரத்துவிட்டது. தொலைநோக்கி சாலை ஓரத்தில் முன்னும் போகாமல் பின்னும் வராமல் தவித்தார். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு குட்டி அவர் கையைப் பிடித்தது.

"பயப்படாதீங்க தாத்தா, நான் கூட்டிட்டுப் போறேன்."

அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டே போனது. திரும்பும் வழியெல்லாம் ஜீப்பில் ஒரே புலம்பல்: "தாத்தாவாம்! எனக்கா?"

சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடங்கவில்லை. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

செப்டம்பர் 2

திருத்திய திட்டத்தை மாநகராட்சி மன்றம் ஏற்றது. லாரிகள் கால்வாய்ச் சாலையில். பள்ளிச் சாலை இரண்டு வழிதான். அகலமான நடைபாதை, வாசலில் சிக்னல்.

அக்காவிடம் சொன்னேன். "நிழலுக்கு மரம்?" என்றாள்.

இல்லை. அப்போதே தொலைநோக்கியைப் போனில் அழைத்துச் சொன்னேன்.