இரண்டாம் முறை தேய்ந்த கிளட்ச்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். உன் சளி இறங்கியதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை நீ எழுதினால்தான் நம்புவேன், போனில் எதைக் கேட்டாலும் "நல்லாருக்கேம்மா" என்று ஒரே பாட்டைப் பாடுகிறாய். மாடிக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. நம் வண்டிதான் ஒரு மாதமாக ஆட்டம் காட்டிவிட்டது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தினமும் காலையில் அப்பா என்னை ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் கொண்டுபோய் விடுவார் அல்லவா, போகிற வழியில் இருக்கும் அந்த மேட்டில் இன்ஜின் தொண்டை கிழியக் கத்தும், வண்டி மட்டும் நகராது. கிளட்ச் தேய்ந்து வழுக்குகிறது என்று மெக்கானிக் புது பிளேட் போட்டுக் கொடுத்தார். மூன்றே வாரம், மறுபடியும் அதே கதை. போன செவ்வாய்க்கிழமை பாதி மேட்டில் நின்றேவிட்டது, ஒரே கருகல் வாடை, பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை, நான் இறங்கித் தள்ளினேன். சாமானே போலி என்று அப்பா மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே வந்தார், நானும் சேர்ந்து திட்டினேன், பாவம் அந்த மனிதர்.

வண்டியைக் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தினோம். மெக்கானிக் கிளட்ச் லிவரை ஒரு விரலால் அசைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரு நூல் அளவு தொய்வு விட்டுத்தானே அனுப்பினேன்? இப்போ கேபிள் விறைச்சுக்கிட்டு நிக்குது. கிளட்சைப் பாதி பிடிச்சுக்கிட்டே ஓட்டுற மாதிரிதான் இது, பிளேட் எப்படித் தாங்கும்? யாரு டைட் பண்ணது?" என்றார். அப்பா ஆயில் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சட்டென்று உறைத்தது. நான் தலை வாரும் நேரத்தில் வாசலில் குனிந்து கைப்பிடிக்குப் பக்கத்தில் எதையோ அவர் திருகிக்கொண்டிருந்ததை எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்! மெக்கானிக் பிளேட்டையும் கேபிளையும் மாற்றித் தொய்வு வைத்து அப்பாவை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கியர் போட்டதும் வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. இன்னொரு முறையும் அப்படியே. அப்பாவின் இடது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் லிவர் மேல் சும்மா கிடந்தன. மெக்கானிக்கும் பார்த்துவிட்டார், ஆனால் கடையில் நாலு பேர் இருந்தார்கள், "புது கேபிள், கொஞ்ச நாள் முரண்டு பிடிக்கும். இன்னைக்கு உருட்டிக்கிட்டே போங்கண்ணே" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பள்ளிக்கூட மதில் வரைக்கும் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தோம். அப்புறம்தான் அப்பா, "ரெண்டு மாசமா இந்த ரெண்டு விரலும் சொன்ன பேச்சு கேக்கலை. டைட்டா வச்சா லேசா இழுத்தாலே போதும். சொன்னா வண்டியைத் தொடாதேன்னுவே, அப்புறம் உன்னை யாரு கொண்டுபோய் விடுறது?" என்றார். அந்தக் கையை நம்பிப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவள் நான், நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வாய் துடித்தது. கையைப் பிடித்துப் பார்த்தேன், கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் கவனிக்கவில்லையே என்றுதான் இருந்தது.

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். முழங்கையில் நரம்பு அழுந்தியிருக்கிறதாம், தள்ளிப்போடாமல் வந்தது நல்லது என்றார். மூன்று மாதம் வண்டி ஓட்டக் கூடாது, தினமும் கைக்குப் பயிற்சி. மெக்கானிக்கிடம் அப்பா தானே போய் வருத்தம் தெரிவித்துவிட்டு வந்தார். இப்போது எனக்கு பஸ்தான், வேண்டாம் என்றாலும் கூடவே ஏறிவந்து ஆஸ்பத்திரி கேட்டில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புகிறார்.

நீ பதறாதே, லீவு போட்டுக்கொண்டு ஓடிவராதே. எங்கள் ஆசி என்றும் உன்னோடு இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவே உன்னிடம் சொல்வதாக இருக்கிறார், நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. வண்டி எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேள். கை விஷயத்துக்கு அவராகவே வந்து சேருவார்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா