ஆட்சேபணை இல்லாத ஊர்

குர்க்கிசாரி, பின்லாந்து
1972 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஹெல்விக்கு அம்மா எழுதுவது. கனடாக் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, எனக்கு இருப்பதெல்லாம் கோபம் ஒன்றுதான், அதற்கு மருந்துக்கடையில் மருந்து கிடையாது. உன் கடிதம் போன வாரம் வந்தது. அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிட நினைப்பதாகவும், அப்பாவுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் அந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனுப் போடப்போவதாகவும் எழுதியிருந்தாய். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார், மடித்துக் கடிகாரத்துக்குப் பின்னால் வைத்தார், விறகு பிளக்கப் போய்விட்டார். என்ன சொல்கிறீர்கள் என்று பின்னாலேயே போய்க் கேட்டேன். விறகு ஈரமாக இருக்கிறது என்றார். இந்த மனுஷனோடு நான் குப்பை கொட்டுகிற லட்சணம் உனக்குத் தெரியாததா. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், முதலில் நேற்று நடந்த கூத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நம் ஊராட்சி போய்விட்டது ஹெல்வி. புத்தாண்டு பிறந்தால் குர்க்கிசாரி என்று ஒன்று கிடையாது, நாம் அக்கரை ஈசோசல்மியின் ஒரு மூலை. யாரோ பிடுங்கிக்கொண்டு போகவில்லை, நாமே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டோம். அப்பாவின் கொள்ளுத்தாத்தா காலத்தில் இந்த ஊர் எப்படிப் பிரிந்து வந்தது என்று உனக்குத் தெரியும். ஞாயிறு தவறாமல் ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்து அக்கரைத் தேவாலயத்துக்குப் போகவேண்டும், போனால் ஈசோசல்மிக்காரர்கள் முன்பெஞ்சுகளை நிரப்பிக்கொண்டு நம்மைக் கதவோரம் நிற்க வைப்பார்கள். ஒரு வசந்தத்தில் பனிக்கட்டி உடைந்து சவப்பெட்டியோடு ஒரு படகு பாதி ஏரியில் மாட்டிக்கொண்டது, அக்கரையில் நின்றவர்களில் ஒருத்தன்கூடக் கயிறு எறியவில்லை. அதற்கப்புறம்தான் நம்மவர்கள் தனித் தேவாலயம் கட்டினார்கள், அதுவும் ஈசோசல்மிக்கு முதுகைக் காட்டி, கதவை வடக்கே வைத்து. பிஷப்பே வந்து கதவைத் திருப்புங்கள் என்றாராம். கொள்ளுத்தாத்தா எழுந்து நின்று, "கதவு இங்கதான் இருக்கும், குளிருறவங்க கோட்டுப் போட்டுக்கட்டும்" என்றாராம். இன்றைக்கும் வாடைக்காற்று நேரே பீடம் வரை வருகிறது, நாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபிக்கிறோம். அவ்வளவு பிடிவாதம் பிடித்த பரம்பரை இது. பஞ்ச காலத்தில் மரப்பட்டை ரொட்டி தின்றபோதுகூட அக்கரையிடம் கையேந்தவில்லை என்று உன் அப்பாவே மார்தட்டுவார்.

நேற்று மத்தியானம் மன்றக் கூட்டம். இணைப்புத் தீர்மானம் வருகிறது என்று நானும் பக்கத்து வீட்டு லெம்பியும் பார்வையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். பார்வையாளர் பேசக்கூடாது, அது சட்டம். உறுப்பினர்கள் பேசலாம், ஆனால் நம் ஊரில் முதலில் பேசுகிறவன் பீற்றிக்கொள்கிறவன் ஆயிற்றே. எல்லோரும் காப்பி குடித்தார்கள், மேஜையைப் பார்த்தார்கள். தலைவர் தோய்வோ, அதுதான் கடைக்காரர், தீர்மானத்தைப் படித்துவிட்டு, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். ஒரு சத்தமில்லை. வழக்கமாக உடனே சுத்தியலைத் தட்டி முடிவாக்கிவிடுகிற மனிதர், நேற்று அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். உறுப்பினர் வரிசையில் இருந்த அப்பாவின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தேன், இருமிப் பார்த்தேன். பலமாக இருமினேன். உன் அப்பா திரும்பி, கோட்டுப் பையிலிருந்து இருமல் மிட்டாயை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்குவதற்குள் சுத்தியல் விழுந்துவிட்டது. ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்கள்.

இதோடு போயிருந்தால்கூட, சரி, காலம் மாறிவிட்டது, ஆண்களுக்கு இணைப்பு பிடித்திருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். கூட்டம் முடிந்தால் மன்றத்து ஆண்கள் நம் ஏரிக்கரைச் சவுனாவில் நீராவிக் குளியல் போட வருவது வழக்கம்தானே. நான் வெளி அறையில் துண்டும் சுட்ட சாசேஜும் வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே காய்ந்த கல்லில் தண்ணீர் விழுந்தது, வெந்நீராவி ஏறியது, ஏறியதும் வாயெல்லாம் திறந்துகொண்டது. "நான் வேணாம்னுதான் இருந்தேன், வில்யோ பேசுவான்னு பாத்தேன்," என்று ஒருவர் உன் அப்பா பெயரை இழுக்கிறார். உன் அப்பா, "நான் என்னத்தப் பேசறது, தோய்வோதான தலைவரு, அவரே தடுப்பாருன்னு நெனச்சேன்," என்கிறார். தோய்வோ, "தலைவர் எப்படிய்யா முந்திக்கிறது? நீங்க யாராச்சும் சொல்லுவீங்கன்னுதான அவ்வளவு நேரம் சுத்தியலத் தூக்கிக்கிட்டு நின்னேன்," என்கிறார். கேட்டாயா அநியாயத்தை. ஒருத்தருக்குக்கூட இஷ்டமில்லை ஹெல்வி, ஒருத்தருக்குக்கூட! நான் கதவைத் தட்டி, "இந்த வாயையெல்லாம் மத்தியானம் எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். உள்ளே யாரோ கல்லில் இன்னொரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார்கள், அதுதான் பதில். வெளியே வந்ததும் மேல்முறையீடு போடுங்களேன் என்று கெஞ்சினேன். ஒருமனதாக முடிவானதை எதிர்த்து எந்த முகத்தோடு மனுப் போடுவது என்று தோய்வோ தலைகுனிந்து சாசேஜைத் தின்றார். பிஷப்பை எதிர்த்த ஊர், யாருமே எதிர்க்காததால் போய்விட்டது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, லெம்பி வந்தாள், இரண்டு பேருமாக அழுதோம்.

இப்போது உன் விஷயம். என் பதில் உனக்குத் தெரியும், நான் மனதில் பூட்டி வைக்கிற ஜென்மமில்லை. எங்கே சந்தோஷமாக இருப்பாயோ அங்கே இரு, ஆனால் எனக்கு நீ பக்கத்தில் வேண்டும், இரண்டும் உண்மை. அப்பாவின் பதிலுக்காகத்தான் இத்தனை நாள் தபாலைத் தாமதப்படுத்தினேன், அவர் வாயிலிருந்து விறகைத் தவிர வேறொன்றும் வரவில்லை. இந்தக் காகிதத்தை மேஜையில் விட்டுவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போகிறேன், வழக்கம்போல அடியில் பெயரை மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுவார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மனுவை நீட்டிவிடாதே. நேற்று ஓர் ஊரே அப்படித்தான் போயிற்று. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், பெட்டியில் வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள். கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
துய்னே

ஹெல்வி, எனக்கு ஆட்சேபணை உண்டு.
அப்பா