பாதை என்றால் றோட்டு அல்ல

யூன் 8, 1937. கல்லடி

நான் காரை விற்கத் திருகோணமலைக்குப் போவதாக என் தம்பி கதிர்காமத்தம்பி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். அது பிழை. சாரதி லைசென்ஸ் எடுக்கப் போகிறேன். இங்குள்ள பரிசோதகர் இரண்டு முறையும் என் வயதையும் வெள்ளைச் சேலையையும் பார்த்தே திருப்பி அனுப்பிவிட்டார். அங்குள்ளவர் வேறு ஆள்.

பதினொரு வருடம் எங்கள் காரை ஓட்டிய முகைதீன்பாவாவுக்குக் கண்ணில் பூ விழுகிறது. மாத முடிவில் காத்தான்குடிக்கே போய்விடுவார். அதன் பிறகு கார் நின்றால், பழுகாமத்தில் அம்மா எனக்குத் தந்த வயலைத் தம்பியின் வாயால்தான் நான் பார்க்கவேண்டும்.

யூன் 10

புறப்பட்டோம். ஓட்டுவது நான். பாவா பக்கத்தில்.

யூன் 11. வெருகல்

ஓட்டமாவடி தாண்டியதும் தரை தட்டை. நாணல், எருமை, வற்றிய சேறு. ஒரு மேடு இல்லை. கியர் மாற்றக் காரணமும் இல்லை.

வெருகலில் காரை ஏற்றி ஆறு கடத்தும் மிதவை நின்றது; எங்கள் பேச்சில் அதுதான் பாதை. பாதைக்காரன் அண்ணன் முறை வைத்துப் பாவாவிடம், "நீங்க ஓட்டுங்க காக்கா. அம்மா ஓட்டினா என்ட பாதையில ஏத்தமாட்டன். ஆத்துக்க போனா ஆரு பதில் சொல்ற?"

"நான் சொல்லுவன். எனக்கு நீந்தத் தெரியும்."

"எனக்குத் தெரியாது தம்பி," என்றார் பாவா. "அதாலதான் நல்லாப் பழக்கியிருக்கன்."

இரண்டே பலகை. ஏற்றினேன். இறக்கும்போது இடது சக்கரத்து மட்காட்டு உரசிவிட்டது. மூன்று அங்குலக் கீறல். பிழை என்னுடையது, பிரேக்கைப் பிந்தி மிதித்தேன்.

யூன் 13. திருகோணமலை

கோட்டை, துறைமுகம், போர்க்கப்பல். கண்ணில் பூ விழுந்தவர் எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார். நான் றோட்டைப் பார்த்தேன்.

யூன் 14

பரிசோதகர் யாழ்ப்பாணத்தவர். எங்கே ஓட்டிப் பழகினேன் என்று கேட்டார்.

"மட்டக்களப்பிலயிருந்து இஞ்ச வரைக்கும். எல்லாப் பாதையிலயும் நான்தான் ஓட்டின."

"சாதாரண றோட்டில் ஓட்டம்" என்று எழுதினார். பேனையை நிறுத்தச் சொன்னேன்.

"பாதை எண்டா றோட்டில்ல ஐயா. ஆத்துக்கு மேல மிதக்கிறது."

வெட்டித் திருத்தினார். திருத்தியதை வாசித்துப் பார்த்தேன்.

சந்தைத் தெருவில், மாட்டுவண்டிகளுக்கிடையே, முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினேன். ஒரு குறையும் சொல்லவில்லை. பிறகு:

"கைம்பெண் எண்டபடியால் சகோதரத்தின்ரை சம்மதக் கையெழுத்து வேணும், அம்மா."

கன்னியர் மடத்தில் ஆங்கிலம் படித்தவள் நான். படிவத்தை இரண்டு பக்கமும் வாசித்தேன். அப்படி ஒரு வரி இல்லை.

தம்பியிட்டயா? கேக்கமாட்டன். இந்தக் கட்டை வேகுமட்டும் கேக்கமாட்டன்.

யூன் 17. கல்லடி

பாவாவுக்கு வாயை மூடத் தெரியாது. தம்பி காலையிலேயே வந்துவிட்டான்.

"என்னட்ட ஒரு சொல் கேளுங்க அக்கா, கையெழுத்துப் போட்டுத் தாறன்."

"இண்டைக்குப் போடுவாய். நாளைக்கு நான் பழுகாமம் போறதுக்கும் உன்னட்டக் கேக்கவேணும் எண்டுவாய்."

தேத்தண்ணி குடிக்காமல் போனான்.

யூன் 18

பாவா தானாகவே ஒரு தாள் கொண்டுவந்தார். நான் ஓட்டியதைக் கண்ட சாட்சி, அறபெழுத்தில் எழுதிய தமிழ். என்னால் பிழை திருத்த முடியாத தாள். அவர் வாசிக்க வாசிக்க ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு இடத்தில் பேனையை வைத்துவிட்டு, அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன்.

அதோடு பரிசோதகருக்கு அனுப்பிய கடிதத்தின் பொருள்:

ஐயா, இது காப்பாளரின் சம்மதம் அல்ல; என் பக்கத்தில் இருந்த சாரதியின் சாட்சி. சகோதரன் கையெழுத்திடவேண்டும் என்று விதி இருந்தால் அதன் இலக்கத்தைக் குறிப்பிடவும். இல்லையென்றால் லைசென்ஸை அனுப்பவும். எதுவானாலும் பதிலை எழுத்தில் தரவும்.

இலட்சுமிப்பிள்ளை, கல்லடி.