பதினோராம் தாளும் எஸ்தர் அம்மாவின் கிணற்றுத் தண்ணீரும்

செப். 14, ஞாயிறு

மேகம் உண்டு, மழை இல்லை. மதியம் மாடியில் கால் வைக்க முடியவில்லை.

செடி வேரடியில் தண்ணீர் தேக்கும் பொடிக்காக மெல்லிசாக வார்த்த பதினோராம் தாளைக் கேக் அடுப்பிலிருந்து எடுத்தாயிற்று. அப்பளம் போல மொடமொடப்பு. கலவை, மறந்துபோகாமல் இருக்க: சி.எம்.சி. (பஞ்சு வழி வந்த மாவு, நெசவுக்குக் கஞ்சி போடுவது) 3 பங்கு, எச்.இ.சி. (அதே குடும்பம், ஷாம்பு கெட்டிப்படச் சேர்ப்பது) 1 பங்கு, எலுமிச்சை உப்பு ஒரு சிட்டிகை.

ஒரு கிராம் பொடித்து ஊறவைத்தேன். மாலை எடை 62 கிராம். இதுவரை இதுதான் அதிகம்.

கயிற்றுக் கட்டில்தான் சரியான உதாரணம். கயிறு பஞ்சு மாவு, முடிச்சு எலுமிச்சை உப்பு. முடிச்சு இல்லையென்றால் கரைந்து ஓடும். முடிச்சு கூடினால் விரியாது.

மனைவி சகுந்தலா பார்த்துவிட்டு, "நுங்கு மாதிரி இருக்கு. திங்கத்தான் முடியாது" என்றாள். அடுப்பைத் திருப்பிக் கேட்கிறாள். இப்போதைக்கு இல்லை.

செப். 15, திங்கள்

பந்தல்குடி ரோடு, எஸ்தர் அம்மாவின் மிளகாய்த் தோட்டம். நான் வேலைபார்த்த பள்ளியில் சத்துணவு சமைத்தவர். கிணற்றில் மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் காற்று இழுக்கிறது. ஐப்பசி மழை வரை அதை வைத்துத்தான் செடியைக் காப்பாற்ற வேண்டும்.

இரண்டு சால், நாற்பது கன்று. வேருக்கு அருகே குழி, ஒரு கரண்டி பொடி, மண், தண்ணீர். மற்ற சாலுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பாய்ச்சல். இந்த இரண்டுக்கும் நாலு நாளுக்கு ஒருமுறை போதும் என்றேன்.

"நாலு நாளுன்னு நீங்க சொல்றீக சாரு. செடி சொல்லணும்ல."

செப். 18, வியாழன்

காலையில் எஸ்தர் அம்மாவின் போன். ஓடினேன்.

"மத்த சாலு நல்லா நிக்குது. ஒங்க சாலு மட்டும் பிரேயர்ல நிக்கிற பிள்ளைக மாதிரி தலையக் குனிஞ்சு நிக்குது, பாருங்க."

சிரிப்பு வரவில்லை. தோண்டினேன். நுங்கு இல்லை, கடுகு போலச் சுருங்கிய ரப்பர்த் துணுக்குகள். எஸ்தர் அம்மா மோட்டாரைப் போட்டார். நாலு கன்று எழுந்திருக்கவில்லை. நாலும் நான் கொன்றவை.

மதியம். ஞாயிற்றுக்கிழமை ஊறவைத்த கிண்ணத்தை சகுந்தலா கழுவும் தொட்டியில் போட்டிருந்தாள். "ஏங்க, இது கைக்குள்ளயே சிறுத்துப் போகுதே."

பார்த்தேன். புரிந்தது.

எங்கள் வீட்டில் குடிக்க, சமைக்க கேன் தண்ணீர். கழுவ போர் தண்ணீர், உப்பு. இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். என் கை பழக்கத்தில் கேன் பக்கமே போயிருக்கிறது. பதினொரு தாளும் நல்ல தண்ணீரில் அளந்தவை. செடி குடிப்பதோ கிணற்று உப்பு.

அதிலுள்ள சுண்ணாம்புக்கு இரண்டு கை. இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை என்று பிடித்து இழுத்தால் வகுப்பே மூலையில் சுருண்டுவிடும்; பஞ்சு மாவும் அப்படித்தான். முப்பது வருடம் கடின நீர் பாடம் நடத்தியவன் நான்.

செப். 19, வெள்ளி

நேரில் போய்ச் சொன்னேன், தப்பு என்னுடையது என்று.

"இது கேன் தண்ணி குடிச்சு வளந்த செடியா சாரு? ஒரு வாளி மோந்துட்டுப் போங்க. எங்க தண்ணியில ஊறுனாத்தான் எங்க செடிக்கு."

மறுபடி வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பத்துக் கன்னு. அதுக்கு மேல கேக்காதீக."

செப். 23, செவ்வாய்

காற்று, புழுதி. எல்லாம் எஸ்தர் அம்மாவின் வாளியில் அளந்தது.

தாள் 11: 9 மடங்கு. (62 எங்கே, 9 எங்கே.)
தாள் 12: எச்.இ.சி. சரிபாதி. 14.
தாள் 13: கருகியது. பேரன் போன் செய்தான், பேசிக்கொண்டே நின்றுவிட்டேன்.
தாள் 14: எச்.இ.சி. 3, சி.எம்.சி. 1. எச்.இ.சி. சுண்ணாம்புக்குக் கை கொடுக்காத பிள்ளை. 23.

23 குறைவுதான். இரண்டு கரண்டி போட்டால் போகிறது.

முழங்கால் வலி. தைலம் தீர்ந்தது, வாங்க வேண்டும்.

செப். 25, வியாழன்

பத்துக் கன்று. இந்த முறை பொடியை அவர் கிணற்றுத் தண்ணீரிலேயே ஊறவைத்து, ஊறியதைப் பார்த்த பிறகே மண்ணுக்குள். எஸ்தர் அம்மா விரலால் நசுக்கிப் பார்த்தார். "ஜவ்வரிசி பதம்."

செப். 27, சனி

மதியம் இலை லேசாகத் துவண்டது. தண்ணீர் விடவா என்று கேட்டார். முடிவை அவரிடமே விட்டேன். பொழுது சாயும் வரை இருவரும் வரப்பில் நின்றோம். இலை நிமிர்ந்தது. மோட்டார் போடவில்லை.

செப். 29, திங்கள்

நாலாம் நாள். போன், காப்பி ஆறுவதற்குள்.

"சாரு, பத்தும் நிக்குது."

பிறகு, "இருக்குற பொடி இன்னும் எத்தனை கன்னுக்குத் தேறும்?"

எட்டுக் கன்றுக்கு என்றேன்.

"எங்கிட்ட நானூறு கன்னு இருக்கு."

சகுந்தலாவிடம் கேட்காமலே அடுப்பைச் சூடேற்றினேன்.